எ, எஸ், ஏ

டண்டீயில் வேலைக்குப் போகாத ஆண்பிள்ளைக்குக் கெட்டில்காரன் என்று பெயர். சணல் ஆலைகள் ஓடிய காலத்திலிருந்தே அந்த ஊரில் சம்பாதிப்பவர்கள் பெண்கள். பெண்ணுக்குக் கூலி குறைவு. ஆலைக்காரனுக்கு அது போதாதா? சங்கு ஊதியதும் மனைவி கிளம்பிப் போவாள். புருஷன் உருளைக்கிழங்கைத் தோல் சீவி, துணியைக் காயப்போட்டு, அவள் திரும்பும் நேரத்துக்கு டீ போடக் கெட்டிலை அடுப்பில் ஏற்றிவைப்பான். நோரி ராட்ரேயின் தாத்தா கெட்டில்காரர், அப்பாவும் கெட்டில்காரர். தான் மட்டும் தப்பித்துவிட்டதாக நோரி வெகுநாள் நினைத்திருந்தான். ஆற்றங்கரைக் கப்பல் பட்டறையில் இரும்புத் தகடுகளைப் பற்றவைக்கிற வேலை அவனுக்கு. எண்பதுகள் பிறந்ததும் பிறக்காததுமாக அந்தப் பட்டறையையும் இழுத்து மூடிவிட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அவன் மனைவி ஐஸா கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கெட்டில் எங்க இருக்குன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"தண்ணி ஊத்திட்டுதான் அடுப்புல வைக்கணும். உங்கப்பா ஒருதடவை மறந்துட்டாராமே."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நோரியும் சிரித்தான். ஆனால் அவள் படியிறங்கிப் போனதும் அடுப்படியில் நின்று அந்தக் கெட்டிலை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு அவனுக்கு எப்போதுமே வராது. வருத்தம் வந்தால் இன்னும் வராது.

ஐஸா வேலை பார்த்த தொழிற்சாலையில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் தயாராயின என்று சொன்னால் பெரிதாக ஏதோ நினைத்துவிடக் கூடாது. ஒரு புத்தகம் அளவுக்குக் கறுப்புப் பெட்டி, மேலே ரப்பர் விசைகள். அதை டிவியோடு இணைத்து, பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துக் கேசட்டைப் போட்டால், பூனைகள் சண்டை போடுகிற மாதிரி ஐந்து நிமிஷம் கிரீச்சிட்டுவிட்டு ஆட்டம் திரையில் வந்து நிற்கும். மூடியில் கீறல் விழுந்த ஒன்றைத் தொழிலாளர்களுக்கான சலுகை விலையில் வாங்கி ஐஸா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "நாள் பூரா இதுக்கு விசை மாட்டுறேன், இது என்னதான் பண்ணும்னு பாக்கணும்ல" என்றாள்.

பார்த்தது நோரிதான். காலையில் துவைத்து முடித்துவிட்டு அதன் முன்னால் உட்காருவான். கூடவே வந்த கையேட்டை எழுத்துக்கூட்டிப் படித்து, இரண்டு வரி தட்டி, தப்பு வந்தால் அழித்து, மறுபடியும் தட்டுவான். மனிதர்களிடம் வராத பொறுமை அந்தப் பெட்டியிடம் அவனுக்கு வந்தது. கட்டம் போட்ட தாளில் கட்டங்களை நிரப்பிக் கப்பல் வரைந்தான். பட்டறை போன பிறகு அவன் கட்டிய கப்பல் அது ஒன்றுதான். ஒரு விரல் நகத்தளவு இருக்கும்.

அப்படி உருவானதுதான் அவர்களுடைய ஆட்டம். மனிதர்கள் கைவிட்டுப் போன ஒரு நிலவு. அங்கே இயந்திரங்கள் மட்டும் தம்பாட்டுக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒற்றைக் கப்பலில் போய், எதிர்ப்படுவதையெல்லாம் சுட்டுத் தள்ளி, உலைகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு உயிரோடு திரும்ப வேண்டும்.

"நல்லா இருக்கே கூத்து," என்றாள் ஐஸா. "இங்க ஆள் இருக்கு, மிஷின் நின்னுபோச்சு. அங்க மிஷின் ஓடுது, ஆளைக் காணோம்."

சாயங்காலம் வந்ததும் செருப்பை உதறிவிட்டு, ஒரு கையில் டீயோடு அவள் ஆட உட்காருவாள். சின்ன வயதில் ஆலையில் ஓடுகிற தறியிலேயே அறுந்த நூலை முடிந்து பழகிய விரல்கள். நோரி நாள் முழுக்க யோசித்து வைத்த தடைகளை அவள் சிரமமே இல்லாமல் தாண்டிப் போவாள். "கப்பல் திரும்புறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டுடுவேன்" என்பாள். "இந்தக் குண்டு எங்கேர்ந்து வருதுன்னே தெரியல, ஏமாத்துறே" என்பாள். அவள் சொன்னதையெல்லாம் மறுநாள் திருத்துவான். சுருக்கமாகச் சொன்னால், அவன் கட்டினான், அவள் ஓட்டினாள். அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷமான காலம் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இல்லை.

ஒருநாள் திரையின் ஒரு மூலையில் கப்பலை நிறுத்திவிட்டு அவள் பாட்டுக்கு டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பாரு, இங்க நின்னா ஒரு பயலும் வரமாட்டேங்கிறான். இப்படியே நின்னு எல்லாத்தையும் சுட்டுடலாம். இதுல என்ன விளையாட்டு இருக்கு?"

"அப்போ என்ன பண்ணலாம்?"

"எங்க லைன்ல வந்து நின்னு பாரு. கை கொஞ்சம் நின்னா போதும், பின்னாலேர்ந்து மேஸ்திரி வந்து கழுத்துல மூச்சு விடுவான். வர்ற சத்தமே கேக்காது. அவனைக் கொண்டாந்து போடு."

நோரி போட்டான். கப்பல் சும்மா நின்றால், பின்பக்கத்திலிருந்து தட்டையான சாம்பல் நிற உருவம் ஒன்று ஓசைப்படாமல் நெருங்கும். அதைச் சுட முடியாது. நகர்ந்தால்தான் விலகும். முதல்முறை அது வந்தபோது யோசனை சொன்ன ஐஸாவே அலறிவிட்டாள். டீ மடியில் கொட்டியது. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த உருவத்துக்கு மேஸ்திரி என்றே பெயர் வைத்தார்கள். பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் பேசியது அதைப் பற்றித்தான்.

கடைசியாக மதிப்பெண் பலகையைச் செய்தான். ஆட்டம் தொடங்குமுன் திரையில் ஐந்து பெயர்கள் வரும். அவற்றை முந்தினால் நம் பெயரைப் பதியலாம். பெட்டியை அணைத்தால் எல்லாம் அழிந்து, மறுபடி போடும்போது செய்தவன் வைத்த அதே ஐந்து பெயர்கள் வந்து நிற்கும். இடம் பற்றாததால் பெயருக்கு மூன்று எழுத்துதான். நோரி ஐந்து வரியிலும் தன் பெயரின் முதல் மூன்று எழுத்தை நிரப்பிவைத்தான்.

"அஞ்சுலயும் நீயேவா?" என்றாள் ஐஸா. "என் பேரு இங்கிலீஷ்ல மூணே எழுத்து. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்திருக்கும்."

"யார் பேரையாவது போடணுமே," என்றான் நோரி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்துவிட்டதாக அவன் நினைத்தான்.

கேசட்டை லண்டனில் ஒரு சின்னக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். அதன் முதலாளி ஹேவர்ஸ் என்பவர் நேரிலேயே வந்துவிட்டார். வெளிர்நிறக் கோட்டு, மென்மையான பேச்சு. ஐஸா கறியும் உருளைக்கிழங்கும் சமைத்திருந்தாள். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நோரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பின்னால வர்ற உருவம் இருக்கே, அபாரம்! நான் இதுவரைக்கும் எந்த ஆட்டத்துலயும் பாத்ததில்ல. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

ஐஸா தேநீர்க் குடுவையோடு அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நோரி அவளைப் பார்த்தான். லண்டனிலிருந்து ஒருவர் ரயிலேறி வந்து தன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பட்டறை மூடிய பிறகு அவனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் மனைவி சொல்லிச் செய்தேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கெட்டில்காரனாக அந்த மேஜையில் உட்கார அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"சும்மா தோணுச்சு," என்றான்.

"எல்லாம் நீங்களே தனியாவா?"

"தனியாத்தான்."

ஐஸா எல்லார் கோப்பையிலும் டீ ஊற்றினாள். ஹேவர்ஸ் போன பிறகு பாத்திரம் கழுவ நோரி எழுந்தான். "நான் கழுவுறேன், நீ உக்காரு" என்றாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தேவலை. 

அந்த மாதமே இங்கிலாந்தில் கோர்பி என்னும் ஊரில் இருந்த அவள் அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன். கூட இருக்க ஆள் வேண்டும் என்று ஐஸா கிளம்பினாள். இரண்டு வாரத்தில் வருவேன் என்றாள். நோரி வாரங்களை எண்ணிக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் அக்காவின் புருஷன் ஏதோ வேலையாக டண்டீக்கு வந்தவர் கதவைத் தட்டி, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஐஸா தன் குளிர்காலக் கோட்டை எடுத்துவரச் சொன்னாளாம். அப்போது மே மாதம், அடுத்த குளிருக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. கோட்டைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் அவள் வரமாட்டாள் என்பது நோரிக்கு உறைத்தது.

கடிதம் எழுதிப் பார்த்தான். எழுத உட்கார்ந்தால் 'இங்கே எல்லாரும் நலம்' என்று வந்தது. எல்லாரும் என்றால் அவன் ஒருவன்தான். கிழித்துப் போட்டான். அப்போதுதான் மதிப்பெண் பலகை நினைவுக்கு வந்தது. நாடெங்கும் கடைகளில் விற்கப்போகிற ஆட்டம். அக்கா வீட்டுப் பிள்ளைகளிடமும் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்தது. முதல் வரியில் அவள் பெயர் இருந்தால் யார் எப்போது போட்டாலும் அவள் பெயர்தான் முதலில் வரும். அவளும் பார்ப்பாள். பார்த்தால் வருவாள். இதைவிடத் தெளிவாகத் தன்னால் எதையும் சொல்ல முடியாது என்று அவனுக்குத் தோன்றியது.

போன் என்றாலே நோரிக்கு ஆகாது. முகம் தெரியாத குரலோடு பேசுவதைவிடப் பல் பிடுங்கிக்கொள்வது மேல் என்பான். ஆனாலும் தெருமுனை போன் பெட்டிக்குள் நுழைந்து ஹேவர்ஸைக் கூப்பிட்டான்.

"நல்லவேளை இன்னிக்கே கூப்பிட்டீங்க," என்றார் ஹேவர்ஸ். "நாளைக்குக் காலைல கேசட் பிரதி எடுக்கப் போகுது. நீங்க புதுசா எதுவும் அனுப்ப நேரமில்ல. என்ன மாத்தணும்னு வாயால சொல்லுங்க, இங்கயே பையனை வச்சு மாத்திடலாம்."

"மதிப்பெண் பலகையில மேல் வரி. என் பேரை எடுத்துட்டு வேற பேர் போடணும்."

"எழுத்தெழுத்தா சொல்லுங்க."

டண்டீக்காரர்களின் வாயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு 'ஐ' வராது. ஊர் உலகமெல்லாம் 'பை' என்கிற கறிப் பணியாரம் அங்கே 'பெ'. 'நான்' என்பதற்கு இங்கிலீஷில் 'ஐ' அல்லவா, அது அங்கே 'எ'. போதாக்குறைக்கு 'ஆமாம்' என்பதற்கும் அதே 'எ'தான். ஆக, ஐஸாவின் பெயர் எல்லார் வாயிலும் ஐ, எஸ், ஏ; டண்டீ வாயில் எ, எஸ், ஏ. முதலாவது குறில், கடைசியது நெடில். நம்மூரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட வித்தியாசத்தைப் பிடித்துவிடும். லண்டன்காரருக்குக் குறில் ஏது, நெடில் ஏது?

"எ," என்றான் நோரி.

"ஏ?"

"எ."

ஆமாம் என்கிறான் என்று ஹேவர்ஸ் குறித்துக்கொண்டார். "அப்புறம்?"

"எஸ்."

"அப்புறம்?"

"ஏ."

"ஏ, எஸ், ஏ. சரிதானே?"

வெளியே ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அவன் காதில் விழுந்தது அவன் கேட்க விரும்பியதுதான். "எ, எ," என்றான். வெளியே வந்தபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மனது நிறைந்திருந்தது. கல்யாணத்தன்றுகூட அவன் அவள் பெயரை அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

கேசட் வந்தது. 'விண்வெளி வேங்கை' என்று ஹேவர்ஸ் பெயர் மாற்றியிருந்தார். அட்டையில் சட்டையில்லாத ஒருவன் துப்பாக்கியோடு நின்றான். ஆட்டத்தில் அப்படி யாரும் கிடையாது. நோரி அதைப் பொருட்படுத்தவில்லை. பெட்டியில் போட்டு, கிரீச்சிட்டு முடியும் வரை காத்திருந்து, திரையைப் பார்த்தான். முதல் வரியில் ஏ, எஸ், ஏ. ஏஸா. இங்கிலீஷில் அது ஆண்பிள்ளைப் பெயர்.

அவன் திரும்பவும் கேசட்டைச் சுற்றிப் போட்டுப் பார்த்தான். அதே ஏஸா. ஹேவர்ஸைக் கூப்பிட்டான், பெரும்பாலான கேசட்டுகள் கடைக்குப் போய்விட்டன என்றார் அவர். அன்று முழுக்க நோரி கெட்டிலைத் தொடவில்லை.

ஆட்டம் நன்றாக விற்றது. அதனால் அவனுக்கு என்ன? அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருத்தன் நாடு முழுக்க நின்றுகொண்டிருந்தான். ஐஸா அதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? தன் பெயரைத்தான் போடவில்லை, ஊர் பேர் தெரியாத எவன் பெயரையோ போட்டிருக்கிறான் என்றுதானே? நோரி ஏங்கினான். வாசலில் அவள் உதறிப்போடும் செருப்புக்கு ஏங்கினான். வேலையிலிருந்து வந்ததும் குளிர்ந்த கையை அவன் கழுத்தில் வைத்து அவனைத் துள்ள வைப்பாளே, அதற்கு ஏங்கினான். சாயங்காலங்களில் ஆட்டத்தைப் போட்டு, கப்பலை மூலையில் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். பின்னாலிருந்து மேஸ்திரி வரும். அவன் நகரமாட்டான். அந்த வீட்டில் அவள் விட்டுப்போனதில் இன்னும் அசைவது அது ஒன்றுதான். அதன் கையில் தினமும் பிடிபடுவது அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்று ஆட்டத்தை வானளாவப் புகழ்ந்து எழுதியது. மேஸ்திரிக்கு மட்டும் ஒரு பத்தி. 'இதை உருவாக்கியவர்கள் டண்டீயைச் சேர்ந்த நோரி, ஏஸா ராட்ரே சகோதரர்கள்' என்று முடித்திருந்தார்கள். யாரோ பலகையைப் பார்த்து ஊகித்திருக்கிறார்கள். நோரி அந்தப் பக்கத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளே ரயிலேறினான். தன் மனைவியைத் தன் தம்பியாக்கி அச்சடித்துவிட்டார்கள். அதற்கு மேல் வீட்டில் உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை.

ஐஸா கோர்பியில் உருளைக்கிழங்கு வறுவல் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்திருந்தாள். மதிய ஷிப்ட் விடும் நேரத்துக்கு நோரி கேட்டருகில் நின்றான். தலையில் வலைத்தொப்பியோடு, மேலெல்லாம் வினிகர் வாசனையோடு அவள் வெளியே வந்தாள். அவனைப் பார்த்ததும் நின்றாள். கூட வந்த பெண்களைப் போகச் சொன்னாள்.

"மெலிஞ்சுட்டே. கெட்டிலை மட்டும் வச்சுக் குடிச்சிட்டு சோறு திங்கறதில்லையா?"

"ஐஸா, அந்த ஏஸா..."

"உன் தம்பியா? பத்திரிகைல பாத்தேன். உங்கம்மா எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"அது நீதான். நான் உன் பேரைத்தான் சொன்னேன். எ, எஸ், ஏன்னு சொன்னேன். அந்த ஆள்தான்..."

அவள் சுவரில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும்டா. நான் டண்டீக்காரி இல்லையா? முதல் நாள் பாத்தப்போ வயிறு எரிஞ்சுது, யாரு இந்தக் கழுதைன்னு. அப்புறம் நம்ம ஊர்ப் பேச்சுல சொல்லிப் பாத்தேன். புரிஞ்சுபோச்சு. நீ போன்ல பேசியிருக்கே! அதைத்தான் என்னால நம்பவே முடியல."

நோரிக்குக் கால் தரையில் இல்லை. தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பிறகுதான் அடுத்தது உறைத்தது.

"தெரிஞ்சும் ஏன் வரல?"

ஐஸா தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள். சிரிப்பு போய்விட்டது.

"அக்கா வீட்டுல தினமும் அதை ஆடுறேன் நோரி. அந்த ஏஸாவை ஜெயிச்சுட்டு என் பேரைப் போடுறேன். ஐ, எஸ், ஏ. அழகா நிக்குது. பெட்டியை அணைச்சா போச்சு. மறுநாள் போட்டா மறுபடி ஏஸா நிக்கிறான். உன் வீட்டுலயும் எனக்கு அப்படித்தானே இருந்துச்சு?"

 அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று நோரிக்குத் தெரிந்தது. ரயிலில் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னான்.

"மேஸ்திரி உன்னோடது. ஆட்டத்துல பாதி உன்னோடது. அன்னிக்கு அந்த ஆள் கேட்டப்போ சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு. சொல்லாம விட்டேன்."

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்றே?" என்றாள் ஐஸா. குரல் கொஞ்சம் உடைந்தது. "எனக்குத் தெரியாததா? தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு."

பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். ஒரு வறுவல் பொட்டலத்தை அவன் பையில் திணித்தாள். பஸ் கிளம்பியதும் நோரி பின்கண்ணாடி வழியாகப் பார்த்தான். அவள் தொப்பியை ஆட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

ஊர் திரும்பிய நோரி முதலில் பத்திரிகைக்குப் போன் போட்டான். ஒரு பெண் எடுத்தாள். விஷயத்தைச் சொல்லி, பெயரைச் சொன்னான். "எ" என்றதும் அவள் "ஏவா சார்?" என்றாள். நோரி இந்தமுறை ஆமாம் சொல்லவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்லம்மா, எ!" என்று கத்தினான். "ஓ, இந்தியாவுல வர்ற முதல் எழுத்தா?" என்றாள் அவள். "அதேதான்! இந்தியா!" அடுத்த இதழில் ஒரு மூலையில், பொடி எழுத்தில், திருத்தம் வந்தது. லண்டன்காரர் தொலைத்த பெயரைக் கடைசியில் மீட்டுக்கொடுத்தது நம் நாட்டுப் பெயர்தான்.

அதோடு விட்டிருந்தால் அவன் நோரி இல்லை. தெரியாதவங்ககிட்ட சொல்லு என்று அவள் சொல்லிவிட்டாள். ஊரில் தெரியாதவர்களுக்கா பஞ்சம்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொன்னான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உதவித்தொகைக்குக் கையெழுத்துப் போடுமுன் சொன்னான். ரொட்டிக்கடை வரிசையில் சொன்னான். முதல்முறை சொன்னபோது வியர்த்து வழிந்தது. முகம் செங்கல்லாகச் சிவந்தது. கடைக்காரி இனா கல்லாவுக்குப் பின்னாலிருந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பெ வாங்க வந்தியா, பிரசங்கம் பண்ண வந்தியா?"

"ரெண்டுக்கும்தான். அந்த மேஸ்திரியை யோசிச்சது என் பொண்டாட்டி, ஐஸா. நான் இல்ல. நான் கட்டினது கப்பல் மட்டும்தான்."

"பேசத் தெரியுமா உனக்கு! இத்தனை வருஷமா விரலைக் காட்டித்தானே வாங்குவே?"

சில பேர் சிரித்தார்கள். சில பேர் கேலி செய்தார்கள். பொண்டாட்டி ஓடிப்போனதில் மூளை கலங்கிவிட்டது என்று காதுபடவே சொன்னவர்களும் உண்டு. நோரி கேட்டுக்கொண்டான். சொல்வதை நிறுத்தவில்லை. ஒவ்வொருமுறை சொல்லும்போதும் அவள் அந்தத் தேநீர்க் குடுவையோடு அங்கே நிற்பதாக நினைத்துக்கொள்வான். சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். வீட்டுக்குப் போய், ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் அளந்து கெட்டிலில் ஊற்றுவான்.

ஒரு சனிக்கிழமை பகல். ரொட்டிக்கடையில் நல்ல கூட்டம். சனிக்கிழமைதோறும் நோரி அங்கே பெ வாங்க வருவது ஐஸாவுக்குத் தெரியும். இனா உள்ளே மணியடித்த போனை எடுத்துப் பேசிவிட்டு, "நோரி! உனக்குத்தான். கோர்பியிலேர்ந்து" என்று வரிசைக்குக் கேட்கும்படி கூவினாள். வரிசை ஒதுங்கி வழிவிட்டது.  எல்லார் காதும் அங்கேதான்.

"நோரி, என்னதான் பண்ணிட்டிருக்கே அங்க?" ஐஸா எடுத்தவுடன் கத்தினாள். "இங்க சந்தைல முன்னப்பின்ன தெரியாத பொம்பளை ஒருத்தி என்னை நிறுத்தி, அந்த மேஸ்திரியைக் கண்டுபிடிச்ச ஐஸா நீதானேங்கிறா. டண்டீல அவ தங்கச்சிகிட்ட பஸ்ல சொன்னியாமே. அத்தனை பேர் பாக்குறாங்க. மானமே போச்சு எனக்கு."

"நீதானே சொல்லச் சொன்னே?"

"சொல்லச் சொன்னேன். தண்டோரா போடவா சொன்னேன்?"

திட்டினாலும் அந்தக் குரலுக்குள் பழைய சிரிப்பு எங்கேயோ கிடந்தது. நோரிக்கு அது கேட்டது. அவனுக்குக் கண் நிறைந்தது. வரிசை முழுக்கத் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் மறந்துவிட்டான்.

"வீட்டுக்கு வா, ஐஸா. நீ இல்லாம என்னால முடியல. நீ வந்துடு, நான் நிறுத்திடறேன்."

 அந்தப் பக்கம் போன் பெட்டிக் கதவை யாரோ தட்டுவதும், அவள் "இரு" என்று அதட்டுவதும் கேட்டது. பிறகு அவள் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"நான் வந்தா நிறுத்திடுவியா? அப்படின்னா நிறுத்தாதே," என்றாள்.

போனை வைத்துவிட்டாள்.

நோரி ரிசீவரை இனாவிடம் கொடுத்தான். இனா அதை வாங்காமல் அவன் முகத்தையே பார்த்தாள்.

"வர்றாளா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் சிரிக்கிறே? இல்ல... அழறியா?"

எதுவென்று அவனுக்கே தெரியவில்லை. கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். போனுக்குப் போனதில் வரிசையில் அவன் இடம் போய்விட்டது. மறுபடி கடைசியில் போய் நின்றான். அவனுக்கு முன்னால் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். ஊருக்குப் புதுசு போலிருக்கிறது. இதற்கு முன் அவன் பார்த்ததில்லை. நோரி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"உங்க வீட்டுல யாராவது கம்ப்யூட்டர்ல ஆட்டம் ஆடுவாங்களாம்மா?" என்று ஆரம்பித்தான்.